முதல் கட்டத்தைத் தட்டாத ஒருத்தி

லியாவ் ஷூயுன் ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக அந்தக் கல்லூரியில் ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டார். உட்கார்ந்தால் கால் ஆடும். காலை அடக்கினால் கை பேனாவைச் சுழற்றும். பேனாவைப் பிடுங்கி வைத்தால் எழுந்து போய்க் குடுவையில் வெந்நீர் பிடித்துக்கொண்டு வருவாள். பிடித்து வந்ததைக் குடிக்கவும் மாட்டாள். சாங்ஷாவில் அந்தப் பொறியியல் கல்லூரியின் நில அளவைப் பிரிவு மூன்றாம் ஆண்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவன் மா தாவ். கன்னத்தில் எப்போதும் பாக்கை அடக்கிக்கொண்டு, பட்டப்பெயர் வைப்பதற்கென்றே கல்லூரியில் சேர்ந்தவன் மாதிரித் திரிகிறவன்.

அந்தப் பம்பரத்தின் தலையில்தான் வகுப்பின் மனநலப் பிரதிநிதி என்ற பதவி வந்து விழுந்தது. அது வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதலாண்டுத் தொடக்கத்தில் வகுப்புக் கூட்டம் போட்டு, தலைவன் ஒருத்தன், படிப்புக்கு ஒருத்தர், விளையாட்டுக்கு ஒருத்தர், அறைச் சுத்தத்துக்கு ஒருத்தர் என்று பங்கு பிரித்தார்கள். யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியது மனநலம். அந்த நேரம் பார்த்து இவள் வெந்நீர் பிடிக்க எழுந்து போயிருந்தாள். திரும்பி வந்தபோது கரும்பலகையில் அவள் பெயர் இருந்தது, எல்லோரும் கைதட்டியும் முடித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் அடங்கி உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மாணவர் பொறுப்பாளர் யீ சாருக்கு வாராவாரம் "எல்லோரும் நலம்" என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். யாராவது சாப்பிடாமல் படுத்துக் கிடந்தால் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரி அனுப்புகிற மனநலக் கேள்விகளுக்கு ஒருத்தர் விடாமல் எல்லோரையும் கைபேசியில் பதில் போட வைக்க வேண்டும். முதலாண்டில் எல்லோரும் விளையாட்டாகப் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் ஷூயுனின் அறையில் எதிர்க் கட்டிலில் படுத்திருந்த தோங் வெய்வெய் அந்தக் கேள்விகளை நம்பிவிட்டாள். தூக்கம் வருகிறதா என்று கேட்டிருந்தார்கள், வரவில்லை என்று போட்டாள். வாழ்க்கை அலுத்துப்போகிறதா என்று கேட்டிருந்தார்கள், சில நாள் என்று போட்டாள். அவ்வளவுதான் செய்தாள், பாவம். அடுத்த வாரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வாரம் அவள் அப்பா வயல் சேறு காயாத செருப்போடு வந்து, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஓராண்டு வீட்டில் ஓய்வு என்றார்கள். ஓராண்டு போயும் அவள் வரவில்லை. ஏதோ ஊரில் துணிக்கடையில் நிற்கிறாள் என்று பேச்சு. அவள் கட்டில்மேல் இப்போது மற்றவர்களின் பெட்டிகள் இருக்கின்றன.

வகுப்பு அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டது. எந்தக் கேள்வி வந்தாலும் முதல் கட்டம்தான். "சிறிதும் பொருந்தாது" என்று எழுதியிருக்குமே, அது. நில அளவை படிக்கிறவர்களுக்கு இந்தக் கைவேலை புதிதும் இல்லை. லெவல் கருவியை எடுத்துக்கொண்டு ஓர் இடத்தில் தொடங்கி, மேடு பள்ளமெல்லாம் அளந்து சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து கூட்டிப் பார்த்தால் கணக்கு கொஞ்சமாவது இடிக்கும். இடித்தால் மறுபடி வெயிலில் அளக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு மர நிழலில் உட்கார்ந்து எண்களைச் சமைத்துவிடுவார்கள். சமையலில் கெட்டிக்காரன் வகுப்புத் தலைவன் குவாங் ஜுன். அவன் கொடுக்கிற கணக்கில் பிழை பூஜ்யமாக இருக்கும். அளவைப் பாடம் எடுக்கிற ஓயாங் சார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு நோட்டை அவன் மடியிலேயே விட்டெறிந்தார். "பூமி இவ்வளவு ஒழுக்கமா இருக்காதுடா. போய் மறுபடி அள." அன்றிலிருந்து குவாங் ஜுன் சமைக்கும்போது கொஞ்சம் பிழையும் சேர்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்டான்.

இப்படியிருக்க, மூன்றாமாண்டு இலையுதிர் காலத்தில், வளாகமெல்லாம் ஓஸ்மாந்தஸ் பூத்து மணக்கிற நேரத்தில், நியே என்று ஒரு முதுகலை மாணவி வந்தாள். மனநல ஆய்வு மையத்தில் படிக்கிறவள், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். வெளிநாட்டில் உருவான ஒரு கேள்வித்தாள் இருக்கிறதாம். ஒரு மனிதர் தன்னைத் தான் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார், பிறரோடு எப்படி ஒட்டுகிறார், வாழ்க்கையை எதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று அளக்கிற தாளாம். அது நம் கல்லூரிப் பிள்ளைகளிடம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் ஆய்வு.

"உங்களை யாரும் சோதிக்கல. நாங்க இந்தத் தாளைத்தான் சோதிக்கிறோம்," என்று அவள் வகுப்பின் முன் நின்று சொன்னாள். "பேரு வேண்டாம், எண் வேண்டாம். எந்த வகுப்புன்னு மட்டும் இருக்கும். இப்ப ஒரு தடவை, கொஞ்ச வாரம் கழிச்சு இன்னொரு தடவை போடணும். ரெண்டு தடவையும் ஏறத்தாழ ஒரே மாதிரி வந்தா, தாள் நல்ல தாள்னு அர்த்தம்."

மா தாவ் கையைத் தூக்கினான். "அக்கா, தாள் கெட்ட தாளா இருந்தா அதோட அப்பாவக் கூப்பிடுவீங்களா?"

வகுப்பே சிரித்தது. நியே மட்டும் புரியாமல் நின்றாள். வெய்வெய் கதை அவளுக்குத் தெரியாது.

அவள் போனதும் குவாங் ஜுன் ஷூயுனின் மேஜைக்கு வந்தான். "யீ சார் நூத்துக்கு நூறு வேணும்னுட்டாரு. நம்ம வகுப்புல ஒண்ணும் கிளம்பக் கூடாது. குழுவுல நீ போட்டுரு."

"நானே எதுக்குப் போடணும்? நீ தலைவன்தானே?"

"மனநலம் உன்னோடது. நான் போட்டா உன் வேலையில மூக்கை நுழைச்ச மாதிரி ஆயிடும்."

போட்டாள். "எல்லாரும் முதல் கட்டத்தையே தட்டிட்டு வாங்க, சீக்கிரம் முடியும்." வகுப்புக் குழுவில் வழக்கம்போல ஒருவர் பின் ஒருவராக "கிடைத்தது", "கிடைத்தது" என்று வந்து விழுந்தது.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அரிசி நூடுல்ஸ் வரிசையில் நின்றாள். வரிசை நகரவில்லை, கால் தரையில் தாளம் போட்டது, நிற்க முடியாமல் கைபேசியை எடுத்துத் தன் பங்கைத் தட்டிவிடலாம் என்று திறந்தாள். முதல் கேள்வி இது: "இடத்துக்கு இடம் நான் வேறு ஆளாகிவிடுகிறேன், இதில் எது நான் என்று எனக்கே தெரியவில்லை."

கட்டைவிரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

ஷாவ்யாங் பக்கத்து மலையூர் அவளுக்கு. நடக்கக் கற்றதும் அம்மாவும் அப்பாவும் தோங்குவானுக்குச் செருப்பு ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். முதலில் அத்தை வீட்டில் விட்டார்கள். அங்கே வாய் திறக்காத அடக்கமான பிள்ளை. பிறகு மாமா வீடு. அங்கே சொல்லும் முன் பாத்திரம் கழுவ ஓடுகிற பிள்ளை. பிறகு பள்ளி விடுதி. அங்கே கட்டிலைத் தொட்டால் கடித்து வைக்கிற சண்டைக்காரி. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவிடம் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று குழைகிற இன்னொருத்தி. எங்கே போனாலும் அந்த இடத்துக்கு ஆள் மாறிக்கொள்ள அவளுக்கு நொடிப்பொழுது போதும். நிலையாக உட்கார்ந்தால்தான் வம்பு, உள்ளே இருக்கிறது யார் என்ற கேள்வி வந்துவிடும். அதனால்தான் அவள் உட்காருவதே இல்லை. இது அவளுக்கே அந்த வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

யாரோ ஒருத்தர் இதைக் கேட்டிருக்கிறாரே என்று அந்த வரியை மறுபடி படித்தாள். பெயர்தான் இல்லையே என்று நினைத்தாள். "மிகவும் பொருந்தும்" என்ற கடைசிக் கட்டத்தைத் தட்டினாள். அடுத்ததையும் படித்தாள். அதற்கும் உள்ளதைப் போட்டாள். கடைசிவரை அப்படியே போட்டு அனுப்பியபோது பின்னால் நின்றவன் முதுகில் இடித்து, "ஏம்மா, நூடுல்ஸ் வேணுமா வேணாமா?" என்றான். அன்றைக்கு அவள் மிளகாய் எண்ணெய் ஊற்றிக்கொள்ளக்கூட மறந்து போனாள்.

எல்லோரும் முதல் கட்டத்தைத் தட்டுகிற இடத்தில் ஒருத்தி மட்டும் தட்டாவிட்டால் பெயர் எதற்கு? தட்டச் சொன்னதே அவள்தான், கடைசியில் அந்த வெள்ளைச் சுவரில் கரியால் கோடு போட்டதும் அவள்தான். இந்த அறிவு அவளுக்குச் சில வாரம் கழித்து யீ சார் கூப்பிட்ட பிறகுதான் வந்தது.

"உக்காரு," என்றார் யீ சார்.

"இருக்கட்டும் சார்."

"உக்காருன்னா உக்காரு. நீ நின்னா எனக்குத் தலை சுத்துது."

யீ சார் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பதைத் தாண்டியவர்தான், தலையில் பாதி நரை. அவர் கைபேசி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்பது விதி. வேறொரு பிரிவில் ஒரு பையனுக்கு என்னவோ ஆகி, அந்தப் பிரிவின் பொறுப்பாளர் வேலையைத் தொலைத்துவிட்டு ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு யீ சார் குடுவையில் கோஜி என்கிற உலர்ந்த சிவப்புப் பழத்தைப் போட்டு ஊற வைத்துக் குடிக்க ஆரம்பித்தார், தைரியத்துக்கு.

"உங்க வகுப்புல ஒண்ணு இருக்கு," என்றார்.

"என்ன சார்?"

"அந்த நியே பொண்ணோட தாள். சுருக்கத்தை மையத்துல எனக்கு அனுப்பியிருக்காங்க. மத்ததெல்லாம் சுத்தம், துடைச்சு வெச்ச மாதிரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் மேலேருந்து கீழ வரைக்கும் மோசம். அதுவும் சாதாரண மோசம் இல்ல."

ஷூயுனின் கால் ஆட ஆரம்பித்தது. முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"பேரு இல்லன்னு சொன்னாங்களே சார்."

"பேரு இருந்தா உன்னை ஏன் கூப்பிடப் போறேன்? நீதானே மனநலப் பிரதிநிதி. யாருன்னு கண்டுபிடி. வெள்ளிக்கிழமை வகுப்புக் கூட்டத்துல ரெண்டாவது தடவை போடுறாங்க. அதுக்குள்ள எனக்குச் சொல்லிரு. நான் அதட்டல்லாம் மாட்டேன். அப்பா அம்மாவக் கூப்பிட்டுப் பேசுவோம். கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வரட்டும்."

"வீட்டுக்கா சார்?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க?"

எந்த வீட்டுக்கு என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்துவிட்டது. மலையூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஆலை விடுதியில் ஆளுக்கொரு பக்கம் அடுக்குக் கட்டிலில் படுக்கிறார்கள். அப்பா விடுப்புப் போட்டு ரயிலேறி வருவார். நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். பிறகு அவளை எங்கே கொண்டுபோய் வைப்பார்? மறுபடி அத்தை வீட்டிலா, இந்த வயதிலா? அவள் கட்டில்மேலும் பெட்டிகள் ஏறிவிடும்.

"சரி சார், பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடிவந்தாள்.

வாயை மூடிக்கொண்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்று மாலையே குவாங் ஜுன் படிக்கட்டில் மறித்தான். "யீ சார் எங்கிட்டயும் சொன்னாரு. நீ தேடுறியான்னு பாத்துக்கச் சொன்னாரு. எங்கேருந்து ஆரம்பிக்கப் போற?" ஆகத் தேடியே தீர வேண்டும். தன்னையே தேடிக்கொண்டு வகுப்பு முழுக்கச் சுற்ற வேண்டும். விதியைப் பாருங்கள்.

முதலில் பேருக்குத் தன் அறையிலேயே ஆரம்பித்தாள். யாவ் ஜின்ஃபெங் பால்கனியில் காலுறை கசக்கிக்கொண்டிருந்தாள். எந்நேரமும் சிரித்த முகம். அவளைப் பார்த்தால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. அதனால்தான் அவளிடம் போனாள்.

"ஏன்டி, உனக்கெல்லாம் தூக்கம் நல்லா வருதா?"

ஜின்ஃபெங்கின் கை நின்றது. "யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற ஆளா நீ? உன் வேலை அது." ஜின்ஃபெங் பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினாள். "சத்தியமா நான் முதல் கட்டத்தைத்தான் தட்டினேன். நீ எப்படிடி கண்டுபிடிச்ச? எனக்கு முகம் வலிக்குதுடி. நாள் பூரா சிரிச்சுட்டு, குளிக்கப் போனாத்தான் இறக்கி வெக்கிறேன். தண்ணி ஆறினாலும் வெளிய வர மனசு வரமாட்டேங்குது. யீ சார்கிட்ட சொல்லிராத."

ஷூயுன் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். ஜின்ஃபெங் பழையபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஷூயுனுக்கு இப்போது சகிக்கவில்லை.

மறுநாள் விளையாட்டு மைதானத்தில் லெவல் பயிற்சி. ஷூயுன் கருவியில் கண் வைத்திருந்தாள். தூரத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மா தாவ். முடிந்து மூட்டை கட்டும்போது பேருக்கு அவனிடமும் கேட்டு வைத்தாள்.

"நீ எப்படிடா இருக்க?"

"என்ன பம்பரம், பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்குற?" பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "ஓ. அதுவா." அளவுகோலை மடக்குவதும் நீட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் இருந்தான். "நான் பட்டப்பேரு வெக்கிறதை நிறுத்தினா என்கூட யாரு பேசுவா? நீயே சொல்லு. போன மாசம் ஒரு நாள் நிறுத்திப் பாத்தேன். ஒருத்தரும் என்னடான்னு கேக்கல. அப்புறம் வேற என்ன பண்றது, மறுபடி ஆரம்பிச்சுட்டேன்."

"எனக்குக்கூடவா தெரியாமப் போச்சு?"

"நீ எங்க நின்ன, தெரியறதுக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் பூராவும் இப்படியே போயிற்று. யாரிடம் போய் வாயைத் திறந்தாலும், எதிராளிக்குத் தான்தான் பிடிபட்டுவிட்டோம் என்று பயம். ஒருத்தி அழுதாள். ஒருத்தன் கோபப்பட்டு, அப்புறம் தேடி வந்து மன்னிப்புக் கேட்டு, கூடவே எல்லாவற்றையும் கொட்டினான். அத்தனை பேரும் முதல் கட்டத்தைத் தட்டியவர்கள், சத்தியம் செய்து சொல்கிறார்கள். ஷூயுனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் எதிர்க் கட்டிலில் இருக்கிற பெட்டிகள் கண்ணில் பட்டன. நான்தான் அது என்று யாரிடமாவது கத்திவிடலாம்போல இருந்தது, கத்தினால் யீ சார் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசியில் குவாங் ஜுன் தானாகவே வந்தான். வாசலில் இருக்கிற நூடுல்ஸ் கடையில் அவள் தனியாக உட்கார்ந்து கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்தபோது எதிரில் தன் கிண்ணத்தை டொக்கென்று வைத்தான்.

"எல்லாரையும் கேட்டுட்ட. என்னை மட்டும் கேக்கல. எம்மேல சந்தேகமா?"

"உன்னை எதுக்கு? நீ தலைவன்."

"தலைவன்." கறுவிக்கொண்டே சொன்னான். "என் அறையில யாரும் என்கூடச் சாப்பிட வர்றதில்ல, தெரியுமா? நான் உள்ள போனா பேச்சு நின்னுடும். யீ சார்கிட்டப் போட்டுக் கொடுத்துருவேனாம். இந்தப் படிப்பை நான் கேட்டேனா? மார்க்கு பத்தல, தள்ளிவிட்டாங்க, வந்தேன். மேடு பள்ளத்தை அளந்து எனக்கு என்ன ஆகப்போகுது? காலைல எந்திரிச்சா எதுக்கு எந்திரிக்கிறேன்னு தெரியல." நூடுல்ஸை வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டான். "நீ எழுதிக்கிறதா இருந்தா எழுதிக்க. ஆனா அந்த ஆள் நான் இல்ல. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது."

அதைக் கேட்டதும் ஷூயுன் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு அழவும் ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது.

நேரே மனநல ஆய்வு மையத்துக்குப் போய் நியேவைப் பிடித்தாள். போட்ட தாளைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஒரு தோழிக்காகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"முடியாது. யாரோடதுன்னே தெரியாதே, எதை எடுக்கிறது?" என்றாள் நியே. பால் தேநீரை உறிஞ்சியபடி கணினியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். பொறுமை போயிருந்தது அவளுக்கு. "நீ நில அளவையா? உங்க வகுப்பால எனக்குப் பெரிய தலைவலி. அத்தனையும் ஒரே கட்டம். அப்படி வந்தா படிக்காமத் தட்டினதுன்னு குப்பையில போடணும், விதி அது. உங்க வகுப்புல என் கணக்குல நின்னது ஒரே ஒருத்தர்."

"ஒருத்தரா?"

"ஒருத்தர்தான். மத்தவங்க வகுப்புல இருந்தாங்களான்னே எனக்குத் தெரியாது." தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "சுருக்கத்தைத் துறைக்கு அனுப்பினது நான் இல்ல, மேல இருக்கிறவங்க. கேட்டுட்டு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்ல. அந்த ஆளை உனக்குத் தெரிஞ்சா என் நன்றியைச் சொல்லு."

மையத்துக்கு வெளியே ஓஸ்மாந்தஸ் மணம் மூக்கைத் துளைத்தது. அன்று ஷூயுன் வளாகத்தை எத்தனை சுற்றுச் சுற்றினாளோ தெரியாது. ஒருத்தி மட்டும் உண்மை சொன்னால் அவள் அகப்படுவாள். எல்லோரும் சொன்னால்? அதற்கு அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் தான் யாரென்று முதலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவர்கள் பழையபடி முதல் கட்டத்தையே தட்டினால் அவள் கதி அதோகதி. அவர்களுடைய கதைகளைப் போட்டு உடைத்து மிரட்டவும் அவளுக்கு மனமில்லை, நம்பிச் சொன்னவர்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வகுப்புக் கூட்டத்துக்கு யீ சார் குடுவையோடு வந்து பின்பக்கக் கதவோரம் நின்றார். நியே கேள்விகளைக் கைபேசியில் திறக்கிற க்யூஆர் குறியீட்டைக் கரும்பலகையில் ஒட்டினாள். எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். யீ சார் ஷூயுனைப் பார்த்து, யார் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

அவள் எழுந்தாள். எழுவதுதான் அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே. ஆனால் வெளியே போகாமல் முன்னால் போய் நின்றாள்.

"போன தடவை முதல் கட்டத்தத் தட்டச் சொல்லிக் குழுவுல போட்டது நான்," என்றாள். "தட்டாத ஆளு ஒண்ணு இருக்குன்னு யீ சார் தேடச் சொன்னாரு. ஒரு வாரமா உங்களையெல்லாம் கேட்டுட்டுத் திரிஞ்சேன். அது பொய்யான தேடல். அந்த ஆளு நான்தான்."

ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, கண் கடிகாரத்தின்மேல் இருந்தது.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. என்னை வீட்டுக்கு அனுப்பிச்சா போறதுக்கு வீடு திறந்து இல்ல. இதைச் சொன்னா நீங்க எனக்காக ஏதாவது பண்ணுங்கன்னு கேக்குற மாதிரி ஆயிடும், அதான் கேக்க வெக்கமா இருக்கு. இன்னிக்கு எந்தக் கட்டம்னு நான் சொல்லப் போறதில்ல. நாம அளக்கிறவங்க. பிழையே இல்லாம வந்தா ஓயாங் சார் என்ன சொல்வாருன்னு உங்களுக்கே தெரியும். அவ்வளவுதான்."

இடத்துக்குத் திரும்பும்போது யீ சார் பக்கத்தில் வந்து, அடுத்தவர் காதில் விழாமல் சொன்னார். "கூட்டம் முடிஞ்சதும் அப்பா நம்பரை எழுதிக்கிட்டு என் அறைக்கு வா." கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார், அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தலைகள் குனிந்தன. போன தடவை கண்மூடித் திறப்பதற்குள் தட்டித் தள்ளிவிட்ட கூட்டம் இது. ஷூயுன் தன் பங்கைப் போட்டு அனுப்பிவிட்டு, பெஞ்சுகள் நகருகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகர்ந்தால் எல்லாம் முடிந்தது. ஒன்றும் நகரவில்லை. மின்விசிறி மட்டும் ஓடியது. ஜின்ஃபெங் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருந்தாள். மா தாவின் தாடை அசையவில்லை. பாக்கை மெல்ல மறந்திருந்தான். யீ சார் கடிகாரத்தைப் பார்த்தார், நியேவைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது முன்வரிசையிலிருந்து குவாங் ஜுன் கையை உயர்த்தினான்.

"அக்கா, இந்தக் கேள்வி, 'எதற்காகச் செய்கிறேன் என்று தெரியாமலே நாள்கள் போகின்றன'ன்னு இருக்கே. இப்ப எப்படியோ அதைப் போடணுமா, இல்ல எப்பவுமே எப்படியோ அதையா?"

நியே தலையிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். "பொதுவா எப்படியோ அதைப் போடு," என்றாள்.

குவாங் ஜுன் தலையைக் குனிந்துகொண்டான். ஷூயுன் மேஜைக்கு அடியில் தன் முழங்காலைப் பார்த்தாள். அது ஆடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு துண்டுச் சீட்டில் அப்பா நம்பரை எழுதிக்கொண்டு யீ சார் அறைக்குப் போனாள். சீட்டை மேஜைமேல் வைத்தாள். யீ சார் அதைத் தொடவில்லை. மையத்திலிருந்து வந்ததைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"உக்காரு," என்றார். இந்தத் தடவை அவள் உடனே உட்கார்ந்தாள்.

"இத்தனை பேரோட அப்பாவையும் கூப்பிட்டா எங்க உக்கார வெக்கிறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கைபேசியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "போன தடவை ஒண்ணுதான் தனியாத் தெரிஞ்சுது. இப்ப பாரு. இதுல நீ எது?"

ஷூயுன் குனிந்து பார்த்தாள். வரிசை வரிசையாக, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. தன்னுடையது எதுவென்று விரலால் தொட்டுக்கொண்டே கீழ்வரை போனாள். இதுவோ என்று தோன்றியது, அடுத்ததும் அப்படியே தோன்றியது. மறுபடி மேலிருந்து ஒருமுறை போனாள்.

"தெரியல சார்," என்றாள்.

யீ சார் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்பா நம்பர் எழுதிய சீட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.